யாசீன் யாருக்கு?

அம்மா மவுத்தான அன்று இரவு எங்கள் சந்தில் பந்தல் போட்டு நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். குமணன்சாவடி முனையில் மாங்காட்டுப் பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் உள்ளே வந்தால் எங்கள் வீடு. மெட்ரோ தூண்களுக்கு நடுவே பூந்தமல்லி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் எப்போதும் கூடம்வரை கேட்கும். அன்றைக்கு அது காதில் விழவில்லை. உள்ளே மய்யித்தைச் சுற்றிப் பெண்கள், வெளியே ஆண்கள், எல்லோருமாக யாசீன் ஓதிக்கொண்டிருந்தோம். எனக்குப் புத்தகம் வேண்டியதில்லை. பதினோரு வயசில் மனப்பாடம் ஆனது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்பத்து மூன்று வசனமும் வரிசையாக வரும்.

ஓதி முடித்து, துஆ முடித்து, டீ வந்தது. எதிர்வீட்டு அக்கா அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவர் வெளியே வந்தார். அம்மாவும் அவரும் இருபது வருஷமாக ஒன்றாக ரேஷன் கடைக்குப் போனவர்கள். அம்மாவுக்குக் கடைசி ரெண்டு வருஷம் நினைவு தப்பிப்போனபோது, பெற்ற பிள்ளைகளை விட அவரைத்தான் அதிகம் அடையாளம் தெரிந்தது. அழுத கண்ணோடு என்னிடம் கேட்டார்: “ரொம்ப நேரம் ஓதினீங்களே தம்பி, கேக்கவே மனசு என்னவோ ஆயிடுச்சு. அம்மாவுக்கு என்ன சொல்லி ஓதினீங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“அது... நல்ல துஆக்கா. அம்மா ஆத்மா சாந்தி அடையணும்னு ஓதறது” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னது பொய். யாசீன் அத்தியாயத்தில் இறந்தவரின் ஆத்மா சாந்தியடையட்டும் என்று ஒரு வசனம்கூடக் கிடையாது. அது பொய் என்பதே எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷமாக ஓதி வருகிற ஒன்றைப் பற்றிக் கேட்ட முதல் கேள்விக்கே நான் பொய் சொன்னேன். கேட்டவர் முஸ்லிம் இல்லை. முஸ்லிம்கள் யாரும் என்னை அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மூன்றாம் பாத்திஹா முடிந்த இரவில் தூக்கம் வராமல் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து யாசீனை முதன்முதலாகப் படித்தேன். குர்ஆனின் 114 அத்தியாயங்களில் இது 36-ஆவது. மக்காவில் அருளப்பட்டது. நிதானமாக ஓதினாலும் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த இருபது நிமிஷத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஓதத் தெரிந்தவர்களுக்கும், கேட்டு மட்டுமே பழகிய மற்ற மதத்து நண்பர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வசனங்களை நான் இங்கே எடுத்து எழுதப் போவதில்லை. செய்தியை மட்டும் என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒரு ஊர். அந்த ஊருக்கு இரண்டு தூதர்கள் வருகிறார்கள். நம்ப மறுக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து பலம் சேர்க்கிறார். ஊர்க்காரர்கள், நீங்களும் எங்களைப் போல மனுஷர்கள்தானே, உங்களால்தான் எங்களுக்குக் கெட்ட சகுனம், நிறுத்தாவிட்டால் கல்லால் அடிப்போம் என்கிறார்கள். அப்போது நகரத்தின் கடைக்கோடியிலிருந்து ஒரு ஆள் ஓடி வருகிறான். அவன் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. பதவி, படிப்பு எதையும் சொல்லவில்லை. ஊர் எல்லையிலிருந்து ஓடி வந்தவன், அவ்வளவுதான். மக்களே, இவர்கள் சொல்வதைக் கேளுங்கள், உங்களிடம் கூலி கேட்காதவர்கள் இவர்கள் என்கிறான். அவனைக் கொன்றுவிட்டார்கள் என்பது விரிவுரையாளர்கள் தரும் விவரம். சொர்க்கத்துக்குள் போ என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. உள்ளே போகும்போது அவன் தன்னைக் கொன்ற ஜனங்களைச் சபிக்கவில்லை. என் மக்களுக்கு இது தெரிந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கொலையுண்டவனின் ஒரே ஆசை, தன் ஜனங்கள் அறிய வேண்டும் என்பது. அதை ஆயிரம் தடவையாவது ஓதியிருப்பேன். ஒரு தடவைகூட நான் அறியவில்லை.

மறுபடி திறந்தேன். செத்துக் கிடந்த பூமி உயிர் பெறுவது, தானியம், பேரீச்சை, திராட்சைத் தோட்டங்கள். பகலை உரித்து எடுத்தால் மிஞ்சுகிற இரவு. தன் பாதையில் ஓடுகிற சூரியன். தேய்ந்து தேய்ந்து, காய்ந்து வளைந்த பேரீச்சங்குலைக் காம்பு போல ஆகிவிடுகிற நிலா. சாமான் ஏற்றிய கப்பல். பிறகு திடீரென்று ஒரு சில்லறைத்தனமான உரையாடல். அல்லாஹ் கொடுத்ததிலிருந்து ஏழைக்குக் கொடுங்கள் என்று சொன்னால், அல்லாஹ் நினைத்திருந்தால் அவனே சோறு போட்டிருப்பானே, நாங்கள் ஏன் போட வேண்டும் என்று கேட்கிறார்கள் சிலர். இந்த வாதத்தை நான் ஏழாம் நூற்றாண்டு அரபியிடம் கேட்க வேண்டியதில்லை. கொடைக்கே தலையைத் தர முன்வந்த குமணனின் பெயரைத் தாங்கிய இந்த ஊரிலேயே, சிக்னலில் கை நீட்டும் கிழவியைப் பார்த்து, “எல்லாம் அவங்கவங்க நசீபு” என்று கார் கண்ணாடியை ஏற்றிவிட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் ஏற்றியிருக்கிறேன், யாசீன் ஓதிவிட்டு வருகிற வழியில்.

அப்புறம் சூர் ஊதப்படுவது. தூங்கிய இடத்திலிருந்து எங்களை எழுப்பியது யார் என்று கேட்டபடி கல்லறைகளிலிருந்து எழுந்து வருகிறவர்கள். வாய்க்கு முத்திரை வைக்கப்பட்டு, கைகள் பேச, கால்கள் சாட்சி சொல்லும் நாள். அதைத் தாண்டினால், நீண்ட ஆயுள் கொடுக்கப்பட்டவரைப் படைப்பில் பின்னோக்கித் திருப்புகிறோம் என்கிற பொருளில் ஒரு வசனம் வருகிறது. கடைசி ரெண்டு வருஷம் அம்மாவுக்கு நான் சோறு ஊட்டினேன். “நீ யாரு வூட்டுப் புள்ள?” என்று என்னைக் கேட்பார். பல் முளைக்காத குழந்தை மாதிரி சிரிப்பார். அந்த ரெண்டு வருஷத்தையும் ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறது நான் ஓதுகிற புத்தகம். என் கண் முன்னால் அது நடந்துகொண்டிருந்தபோது, ஒவ்வொரு வியாழன் மக்ரிபுக்குப் பிறகும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் ஓதிக்கொண்டிருந்தேன். என்னைத் தேற்ற வந்த வார்த்தை என் வாய் வழியாகவே வந்து என் காதைத் தொடாமல் போயிருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. எழுபதாவது வசனத்தில், இது யாருக்காக என்று யாசீனே சொல்லிவிடுகிறது. உயிரோடு இருப்பவரை எச்சரிப்பதற்காக.

நாம் அதை யாருக்கு ஓதுகிறோம்? மய்யித்துக்கு. மூன்றாம் நாளுக்கு. நாற்பதாம் நாளுக்கு. வருஷ பாத்திஹாவுக்கு. உயிரோடு இருக்கிற நாம் சுற்றி உட்கார்ந்து, டீ எப்போது வரும் என்று பார்க்கிறோம். தபால்காரன் உயிரோடிருப்பவன் பெயருக்குக் கடிதம் கொண்டுவந்து தருகிறான், நாம் அதைப் பிரிக்காமல் வாங்கி மய்யித்தின் தலைமாட்டில் வைத்துவிடுகிறோம்.

எனக்கு வரப்போகிற மறுப்புகள் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் மறுப்பு, ஓதுவதிலேயே நன்மை இருக்கிறது என்பது. ஒரு எழுத்துக்குப் பத்து நன்மை என்ற நபிமொழி திர்மிதி தொகுப்பில் இருக்கிறது. அலிஃப் ஒரு எழுத்து, லாம் ஒரு எழுத்து, மீம் ஒரு எழுத்து என்று அதில் உதாரணம் வருகிறது. அந்த மூன்று எழுத்துகளுக்குப் பொருள் யாருக்கும் தெரியாது, ஆகவே பொருள் தெரியாமல் ஓதினாலும் நன்மை உண்டு என்பார்கள். நல்ல வாதம்தான். நான் அதை மறுக்கவே இல்லை. என் அம்மாவுக்கு அரபும் தெரியாது, தமிழும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவர் விடியற்காலையில் தட்டுத் தடுமாறி ஓதிய யாசீனின் மதிப்பை அளக்க நான் யார்? ஆனால் அம்மாவுக்கு வழி இல்லை. எனக்கு இருந்தது. நான் பி.காம். படித்தவன். ஜி.எஸ்.டி. விதிமுறையில் ஒரு வரி புரியாவிட்டால் மூன்று பேருக்கு போன் போடுகிறவன். அபார்ட்மெண்ட் வாங்கும்போது பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து வரிக்கு வரி கேட்டவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் படிக்காத என் அம்மாவின் சலுகை வேண்டுமா? அவருடைய இயலாமையை என் சோம்பேறித்தனத்துக்குப் போர்வையாக்கியது அவருக்குச் செய்த அவமரியாதை.

நன்மை என்றால் அதிலேயே முன்மாதிரி இருக்கிறது. நபித்தோழர் இப்னு உமர் பகரா என்ற ஒரு அத்தியாயத்தைக் கற்க எட்டு வருஷம் எடுத்துக்கொண்டார் என்ற செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. அரபு அவருடைய தாய்மொழி. வாசிக்கவும் மனப்பாடம் செய்யவும் எட்டு வருஷம் தேவைப்பட்டிருக்குமா? நம் பிள்ளை சாயங்கால மதரஸாவில் ஜபர், ஜேர், பேஷ் கற்று ரெண்டு மூன்று வருஷத்தில் முழுக் குர்ஆனையும் “முடிச்சுட்டான்” என்று லட்டு கொடுக்கிறோம். என்ன முடித்தான்? எனக்கும் லட்டு கொடுத்தார்கள். அன்றோடு உண்மையாகவே முடிந்துபோயிற்று.

இரண்டாவது மறுப்பு, ஓசைக்கே ஒரு சக்தி உண்டு என்பது. இதையும் நான் மறுக்க மாட்டேன். எகிப்தின் காரி அப்துல் பாசித்தின் கேசட் எங்கள் வீட்டில் தேய்ந்துபோகும்வரை ஓடியது. அந்த மூச்சின் நீளத்தைக் கேட்டு அத்தா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிர்வீட்டு அக்காவுக்கு மனசு என்னவோ ஆனதும் ஓசையால்தான். ஆனால் கவனியுங்கள், அந்த ஓசை அவரை ஒரு கேள்விக்குக் கொண்டுபோய் விட்டது. நம்மைத் தூக்கத்துக்குக் கொண்டுபோகிறது. ஓசை கதவைத் தட்டும். கதவைத் திறப்பது யார் வேலை?

தமிழ்நாட்டில் இது புதிய சண்டை இல்லை. தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொருள் தெரியாமல் கேட்டுத் தலையாட்டிய சபைகளில், தமிழிலும் பாடுங்கள் என்று 1940களில் கேட்டார்கள். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம். அப்போதும் வந்த பதில் இதுதான், இசைக்கு மொழி ஏது? அப்படிக் கேட்டவர்களில் யாரும் தியாகராஜரை விட்டுவிடச் சொல்லவில்லை. புரிகிறதையும் பாடு என்றுதான் சொன்னார்கள். அதற்கும் வெகு காலம் முன்னால், சிவபுராணத்தை முடிக்கும்போது மாணிக்கவாசகர் பேற்றை யாருக்கு வைத்தார்? பாட்டின் பொருளைத் தெரிந்துகொண்டு சொல்பவர்களுக்கு. அது தமிழிலேயே இருக்கிற பாட்டு. தன் மொழியில் இருக்கிற பாட்டையே பொருள் தெரிந்து சொல் என்று சொல்ல வேண்டியிருந்த மண்ணில், அந்நிய மொழியில் இருக்கிற வேதத்துக்குப் பொருள் வேண்டாம் என்றால் எப்படி?

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் சூடானது. “அப்போ தொழுகையையும் தமிழ்ல தொழணுமா?” இல்லை. துருக்கியில் 1932-இல் பாங்கைத் துருக்கி மொழியில் சொல்ல வைத்தார்கள். 1950-இல் தடை நீங்கியதும் பாங்கு அரபுக்கே திரும்பிவிட்டது. மேலிருந்து திணித்தது வேர் பிடிக்கவில்லை. எங்கள் வீடு ஹனஃபி. எங்கள் இமாம் அபூ ஹனீஃபா எட்டாம் நூற்றாண்டிலேயே தொழுகையில் பாரசீகத்தில் ஓதுவதை அனுமதித்தவர் என்பதும், அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் அரபு ஓத முடியாதவருக்கு மட்டும் என்று அதைச் சுருக்கினார்கள் என்பதும் ஃபிக்ஹு நூல்களில் இருக்கிற விஷயம். மாணவர்களின் கருத்தே நிலைத்தது, எனக்கும் அதுவே சரி. அரபில்தான் ஓத வேண்டும். ஓதியது என்ன என்று தெரியவும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று யார் சொன்னது?

நான்காவது, “பொருளெல்லாம் ஆலிம்கள் பார்த்துப்பாங்க, நாம இறங்கினா தப்பாப் புரிஞ்சுக்குவோம்.” சட்ட வசனங்களுக்கு இந்தப் பயம் நியாயம். ஏழைக்குச் சோறு போடு என்பதில் தப்பாகப் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? கிழவி குழந்தையாவதில் என்ன இருக்கிறது? தவறாகப் புரிந்துவிடும் என்ற பயம் புரியாமலே இருப்பதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. சமையல் கெட்டுப்போகும் என்று பட்டினி கிடப்பதில்லை. ஒவ்வொரு தூதரையும் அவரவர் மக்களின் மொழியிலேயே அனுப்பினோம் என்று பதினான்காம் அத்தியாயத்தில் வருகிறது. விளங்கச் சொல்வதற்காக என்று காரணமும் சேர்த்தே வருகிறது. விளங்காமல் கேட்பதைப் புண்ணியமாக்கியது நாம்.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். ஏனென்றால் இதுவரை படித்து விட்டு, “சரியாச் சொன்னீங்க பாய், இந்த யாசீன் பாத்திஹாவே பித்அத்து, நிறுத்தணும்” என்று கை குலுக்க வருகிற தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. இறந்தவர்களுக்கு யாசீன் ஓதச் சொல்லும் நபிமொழி பலவீனமானது என்று அவர்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அதை ஏற்றுப் பதிவு செய்த இப்னு ஹிப்பானே, அது இறந்துவிட்டவரைக் குறிக்காது, மரணத் தறுவாயில் இருப்பவரைக் குறிக்கும் என்றுதான் விளக்கினார். அதாவது, காது கேட்கிறவரை. சரி. ஆனால் நீங்கள் நிறுத்திய இடத்தில் எதை வைத்தீர்கள்? முன்பு மவுத் வீட்டில் நாற்பது பேர் இருபது நிமிஷம் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இப்போது அடக்கம் முடிந்ததும் ஆளாளுக்கு பைக்கை எடுத்துக்கொண்டு போகிறார்கள், அல்லது அந்தப் பந்தலிலேயே ஓதலாமா கூடாதா என்று அடித்துக்கொள்கிறார்கள். பெற்றவளைப் பறிகொடுத்தவன் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். ஓதச் சொன்னவருக்கும் வேண்டாம் என்றவருக்கும் அவனிடம் சொல்ல ஒரு வசனத்தின் பொருள் இல்லை. ஒரு தரப்பு புரியாமல் ஓதுகிறது. இன்னொரு தரப்பு புரியாமலே நிறுத்துகிறது.

கூலி விஷயத்தையும் பேசிவிட வேண்டும். ஓடி வந்த ஆள் சொன்ன அடையாளம், கூலி கேட்காதவர்கள் என்பது. அந்த அத்தியாயத்தையே கவரில் பணம் வைத்து ஓத வைக்கிறோம். இதில் நான் ஹஜ்ரத்தைக் குறை சொல்லத் தயாராக இல்லை. ஒரு குடும்பம் நடத்தப் போதாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பாத்திஹா கவரில் பார்த்துக்கொள் என்று விட்டது ஜமாஅத்துகள்தான், அதாவது சந்தா கட்டுகிற நாம்தான். மார்க்கம் கற்றவர், பொருள் தெரிந்தவர். அவரிடம் பொருளைக் கேட்க நமக்கு நேரமில்லை, சீக்கிரம் முடித்துத் தந்தால் போதும். மணிக்கணக்கில் பயான் செய்யக்கூடியவரை ஓசை தருகிற ஆளாகச் சுருக்கினோம்.

“தமிழ்ல அதெல்லாம் வராதுங்க, அரபோட அழகு அரபுலதான்” என்பது கடைசி மறுப்பு. இதைச் சொல்பவர்களுக்குத் தம் பாட்டன்மார்களைத் தெரியாது. 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் ஆயிரம் மசலாவை அரங்கேற்றினார். கேள்வியும் பதிலுமாக ஓடுகிற நூல் அது. தமிழ் முஸ்லிம்களின் முதல் முழு நூலாக நமக்குக் கிடைத்திருப்பதே கேள்வி கேட்கிற நூல்தான். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல். கடலோர ஊர்களில் அதை வாசிக்க ஒருவர், பொருள் சொல்ல ஒருவர் என்று இரவிரவாகக் கேட்டார்கள். கேட்பது என்றால் பொருளோடு கேட்பது என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழை உண்டாக்கி, அதில் குர்ஆன் விரிவுரையே எழுதினார்கள், படிக்க வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். 1920களில் தாவூத் ஷா தம் தாருல் இஸ்லாம் பத்திரிகையில் ஜும்ஆ பேருரை தமிழில் வேண்டும் என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்று தமிழில் ஜும்ஆ பயான் கேட்காத ஊர் அரிது, அன்று அவரைத் திட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் அதைத்தான் கேட்கிறார்கள். வேலூர் பாக்கியாத்தில் படித்த அப்துல் ஹமீது பாகவி பல வருஷ உழைப்பில் முழுக் குர்ஆனையும் தமிழாக்கினார். போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே நடந்துவிட்ட வேலை இது. அதன் பிறகு எத்தனையோ மொழிபெயர்ப்புகள். இன்று எல்லாம் போனிலேயே இருக்கிறது. மொழி தடை என்ற சாக்கு என் பிறப்புக்கு முன்பே செத்துப்போன சாக்கு.

இதற்கு நடுவே ஒரு விநோதம். மவுத் வீட்டில் கொடுக்கிற சின்ன யாசீன் புத்தகம் ஒன்று என் கையில் இருக்கிறது. அரபு வரி, கீழே அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில். பொருள் இல்லை. ஓசையையாவது சரியாகத் தருகிறதா? அரபில் இதயத்துக்கு ஒரு சொல், நாய்க்கு ஒரு சொல். முதல் எழுத்தின் ஒலி மட்டும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் “கல்பு”தான். யாசீன் குர்ஆனின் கல்பு என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எந்தத் தமிழ் எழுத்தால் அரபின் ஓசையைத் தர முடியாதோ, அதை ஓசைக்கு வைத்துக்கொண்டோம். எதை அதனால் முழுசாகத் தர முடியுமோ, அந்தப் பொருளுக்கு இடம் விடவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் உங்கள் தமிழைச் சத்தமாக வாசித்துப் பார்த்தீர்களா? ஒரு வசனத்துக்குள் மூன்று அடைப்புக்குறி, ஒரு வாக்கியத்தில் ஐந்து அரபுச் சொல். கண்ணால் ஆராய்கிறவருக்கு அது உதவும். கூடத்தில் உட்கார்ந்து கேட்கிற கிழவிக்கு அடைப்புக்குறி கேட்காது. மூலமோ காதுக்காக வந்தது. ஓதப்படுவது என்றுதான் குர்ஆன் என்ற சொல்லுக்கே பொருள். காதுக்கு வந்த ஒன்றைக் கண்ணுக்கு மட்டும் மொழிபெயர்த்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. ஆலிம்களும் தமிழ் எழுதத் தெரிந்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, யாசீன் ஒன்றையாவது வாய்விட்டு வாசிக்கிற மாதிரி தர முடியாதா?

சும்மா பேசிவிட்டுப் போகக் கூடாது. நான் செய்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு, தினமும் இஷாவுக்கு அப்புறம் கூடத்தில் உட்கார்ந்தோம். என் மனைவி, மகள், தங்கை, நான். முதலில் அரபில் இரண்டு வசனம், பிறகு அதன் தமிழ். சில நாள் நாலைந்து வசனம். புரியாததை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மறுநாள் ஒரு ஆலிமிடம் கேட்டேன். “முப்பது வருஷமா இமாமா இருக்கேன், யாசீன்ல சந்தேகம்னு ஒருத்தர் வந்து கேக்கறது இதுதான் முதல் தடவை” என்றார். குத்திக் காட்டவில்லை, சந்தோஷமாகச் சொன்னார். அதுதான் குத்தியது. கணக்குப் பாருங்கள், மவுத்திலிருந்து நாற்பதாம் நாள்வரை தினம் இரண்டு வசனம் என்றால் கடைசி நாளுக்கு ஐந்து வசனம்தான் மிஞ்சும். வியாழன் தோறும் ஐந்து வசனம் என்றால் பதினேழு வாரம். ஒரு சீரியல் ஒரு கல்யாணத்தை முடிக்கவே அதைவிட அதிகம் எடுத்துக்கொள்கிறது.

நாற்பதாம் நாள் உறவெல்லாம் வந்திருந்தார்கள். வழக்கம்போல ஓதி முடித்தார்கள். துஆவுக்கு முன்னால் எழுந்து, “அஞ்சு நிமிஷம் உட்காருங்க, அம்மாவுக்கு ஓதினது என்னன்னு சொல்லிடறேன்” என்றேன். பெரியவர் ஒருவர், எனக்கு மாமா முறை, முகம் சுளித்தார். “இது என்னப்பா புதுப் பழக்கம்? ஓதறது அல்லாஹ்வுக்கு. அவனுக்குப் புரியும்.”

“அவனுக்குப் புரியும் மாமா. அவன் நமக்குச் சொன்னதுல்ல அது?”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இன்னும் மூன்று பேர் கூடவே போனார்கள். அந்த மாமா என்னோடு சரியாகப் பேசி ஆறு மாசம் ஆகிறது. அவர் வருத்தம் எனக்கும் வருத்தம்தான், சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஈத்காவுக்குப் போனவர். ஆனாலும் என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறதாக இல்லை.

மிச்சம் இருந்தவர்களுக்கு வாசித்தேன். அஞ்சு நிமிஷம் அரை மணி நேரமாயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேச்சை நிறுத்தியது தெரிந்தது. வயசானவரைப் பின்னோக்கித் திருப்புவது வந்த இடத்தில் தங்கை சத்தமாக அழுதாள். அம்மா இறந்ததற்கு அப்படி அவள் அழுதது அப்போதுதான். ஏழைக்குக் கொடுப்பது வந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முடித்த பிறகு எதிர்வீட்டு அக்கா வந்தார். நாற்பது நாள் முன்னால் அவரிடம் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டேன். “அது அம்மாவுக்குச் சொன்னது இல்லைக்கா. உசுரோட இருக்கற நமக்குச் சொன்னது.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அதான பாத்தேன். அவங்களுக்குத் தெரியாததா என்ன, நமக்குத்தான தெரியணும்” என்றார்.

அடுத்த வியாழன் எங்கள் கூடத்தில் வாகிஆ ஆரம்பிக்கிறோம். அதுவும் எனக்கு முழுசாக மனப்பாடம். அதில் என்ன இருக்கிறது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.